“வைரஸோட வேலை செய்யப் போறாளாம்” – ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்கு அங்கால் ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

இரண்டு ஏக்கர் வயல், நான்கு மாடு, கொஞ்சம் கோழி. கணவர் 2009க்குப் பிறகு இல்லை. ஒரே மகளுக்கு இருபது வயது. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் இரண்டாம் தடவை எழுதியும் மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி கிட்டவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டத்துக்கு இடம் வந்திருக்கிறது. மகளோ கொரோனா காலத்திலிருந்து ஒரே பிடி: வைரஸ் ஆராய்ச்சி படிப்பேன், கொடிய வருத்தங்களுக்குத் தடுப்பூசி செய்வேன். விண்வெளி ஆட்கள் போல உடுப்புப் போட்ட ஒரு பெண்ணின் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறாளாம்.

தாய்க்குப் பயம். போர் முடிந்த நேரம் செட்டிகுளம் அகதி முகாமில் மகள் மூன்று வயதில் கொப்பளிப்பான் வந்து கூடாரத்துக்குள் கிடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மூன்று வருடத்துக்கு முன் தம்பி எலிக்காய்ச்சலில் போனார், “அதுவும் வைரஸ்தானே”. கனடாவில் இருக்கும் சித்தப்பா, “டொக்டர் ஆகாமல் வைரஸ் நிபுணராக முடியாது. நான் காசு தாறன், வெளிநாட்டில் மருத்துவம் படிக்கட்டும்” என்கிறார். ரியூசன் மாஸ்டர் மூன்றாம் தடவை எழுதச் சொல்கிறார். ஊரில் சிலர், இந்த வேலைக்குப் போனால் பிள்ளை பிறக்காது, அவளை ஆர் கட்டுவான் என்கிறார்கள். கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: “வருத்தத்துக்குத் தப்பி வந்த பிள்ளை, வருத்தத்தைத் தேடிப் போறன் எண்டு நிக்கிறாள். தடுக்கிறதா, விடுறதா?”

பின்குறிப்பாக, வீட்டுக் கோழிகள் சாவதைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அம்மா,

நான் மருத்துவம் படித்து, பிறகு இருபது வருடத்துக்கு மேல் வைரஸ் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் அம்மா, கைப்பையைக் கிணற்றடியில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். பையில் இருந்தது சாப்பாட்டுப் பெட்டியும் குடையும்தான். ஆனாலும் ஒரு வருடம் வரை அது கிணற்றடியில்தான் இருந்தது. அதனால் உங்கள் பயத்தைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன்.

முதலில் தம்பியின் விஷயம். எலிக்காய்ச்சல் வைரஸால் வருவதில்லை. அது லெப்டோஸ்பைரா என்ற பற்றீரியாவால் வருவது. எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீர் காலில் உள்ள கீறல், புண் வழியாக உடம்புக்குள் போகிறது. நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் நுண்ணுயிர் கொல்லி மருந்து வேலை செய்யும். வைரஸுக்கு அந்த மருந்துகள் பிரயோசனமில்லை. உங்களுக்கு வயல் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். விதைப்புக் காலத்தில் வயலில் இறங்க முன்னர் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். டொக்சிசைக்கிளின் என்ற தடுப்பு வில்லை யாருக்குப் பொருந்தும், எப்படிப் போடுவது என்று சொல்லித் தருவார்கள். மகளின் படிப்பைப் பற்றி நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும், இதை இந்தப் போகத்திலேயே செய்யுங்கள்.

ஆய்வுகூடத்தில் உண்மையில் எவ்வளவு ஆபத்து?

ஆபத்தே இல்லை என்று சொன்னால் பொய். 1967இல் ஜேர்மனியிலும் அன்றைய யூகோஸ்லாவியாவிலும் தடுப்பூசி வேலைகளுக்காக உகண்டாவிலிருந்து கொண்டுவந்த குரங்குகளிலிருந்து அதுவரை யாரும் அறியாத ஒரு வைரஸ் தொற்றியது. 31 பேருக்கு நோய் வந்து 7 பேர் இறந்தார்கள். மார்பேர்க் வைரஸ் என்ற பெயர் ஜேர்மனியின் மார்பேர்க் நகரத்திலிருந்து வந்தது. 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், பெரியம்மை ஆய்வுகூடத்துக்கு மேல்மாடியில் வேலை செய்த ஜனற் பாக்கர் என்ற படப்பிடிப்பாளருக்குப் பெரியம்மை வந்து இறந்துபோனார். உலகத்தில் அந்த நோயால் கடைசியாக இறந்தவர் அவர்தான்.

இன்றைக்கு இருக்கும் கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் இப்படியான சாவுகள் இருக்கின்றன. இப்போது ஆய்வுகூடங்கள் நான்கு பாதுகாப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மகள் சுவரில் ஒட்டியிருக்கும் படம் நான்காம் நிலை. ஈபோலா, நிப்பா போன்ற கொடிய வைரஸ்களை உயிருடன் கையாளும் இடம். உடுப்புக்குள் தனியாகக் காற்று வரும், வெளியே வரும்போது உடுப்போடு மருந்துத் தண்ணீரில் நனைந்து, பிறகு உடம்பும் குளித்துத்தான் வரவேண்டும். (என் அம்மாவுக்கு இதைச் சொன்னபோது மிகவும் பிடித்துப்போனது.) அப்படி ஒன்று இலங்கையில் இல்லை. அயலில் என்றால் இந்தியாவில் பூனேயில் இருக்கிறது. தடுப்பூசித் துறையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் தங்கள் வாழ்நாளில் அந்த அறைக்குள் கால் வைப்பதே இல்லை.

ஏன் என்று கேட்பீர்கள். ஈபோலாத் தடுப்பூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டின் வாயிலும் முலைக்காம்பிலும் கொப்புளம் போடுகிற ஒரு வைரஸ் இருக்கிறது. கனடாவின் வினிபெக் நகர அரச ஆய்வுகூடத்தில் அந்த மாட்டு வைரஸை எடுத்து, அதன் மேற்புரதத்தைக் கழற்றிவிட்டு, ஈபோலாவின் மேற்புரதத்தை மட்டும் அதற்குச் சட்டை மாதிரிப் போட்டுவிட்டார்கள். உடம்பு அந்தச் சட்டையைப் பார்த்து எதிர்ப்புச் சக்தியைப் பழகிக்கொள்ளும். உள்ளே ஈபோலா இல்லை. இந்த மாதிரி வேலையில் பெரும்பகுதிக்கு உயிருள்ள ஈபோலா தேவையில்லை. கடைசிக் கட்டச் சோதனைகளுக்குத்தான் அந்த உடுப்புக்காரர்கள் வேண்டும்.

மகள் எந்த ஆய்வுகூடத்துக்குப் போனாலும், அது இங்கே இருந்தாலும் கடல் கடந்து இருந்தாலும், கேட்டுப் பெறவேண்டியவை சில:

- வேலை தொடங்க முன் பயிற்சி. தனியாக விட முன்னர் ஒருவர் பக்கத்தில் நின்று பழக்கவேண்டும்.
- கையாளும் வைரஸுக்குத் தடுப்பூசி இருந்தால் அதை முன்கூட்டியே போடுதல். விசர்நாய்க்கடி வைரஸோடு வேலை செய்பவர்களுக்கு இது கட்டாயம் தேவை.
- ஊசி குத்திவிட்டால், ஏதும் சிந்திவிட்டால், பேச்சு வாங்குவோம் என்ற பயமில்லாமல் உடனே சொல்லக்கூடிய ஒழுங்கு. “சொன்னால் பிரச்சினை” என்ற இடத்தில் எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் நிற்கக் கூடாது.
- கர்ப்பமானால், கருவைப் பாதிக்கும் ருபெல்லா, சிகா போன்ற வைரஸ்களிலிருந்து விலகி வேறு வேலைக்கு மாறும் வசதி.

கடைசியாகச் சொன்னது ஊராரின் கதைக்கும் பதில். இந்த வேலையால் பிள்ளை பிறக்காது என்பது வெறும் கதை. என்னோடு வேலை செய்த பெண்கள் பிள்ளை பெற்று, விடுப்பு முடித்து, திரும்பி வந்திருக்கிறார்கள். ஆர் கட்டுவான் என்ற கேள்விக்கு என்னிடம் மருந்து இல்லை, அம்மா. ஆனால் அந்தக் கேள்வியை வைத்து ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்க வேண்டாம்.

டொக்டர் ஆகாமல் முடியாதா?

சித்தப்பா நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் பாதிதான் சரி.

இலங்கையில் ஆஸ்பத்திரி சார்ந்த “வைரஸ் வைத்திய நிபுணர்” என்ற பதவிக்கு வர மருத்துவப் பட்டம் வேண்டும். ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அப்புறம் கொழும்பில் பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனத்தின் நீண்ட பயிற்சியும் பரீட்சைகளும். அந்த நிபுணர் நோயாளியின் இரத்தத்தில் எந்த வைரஸ் என்று கண்டுபிடிப்பார், கொள்ளைநோய் வந்தால் வழிகாட்டுவார். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் நடப்பது பெரும்பாலும் இந்த வேலைதான். அருமையான வேலை. ஆனால் உங்கள் மகள் கேட்பது தடுப்பூசி செய்கிற வேலை. அது வேறு.

தடுப்பூசியை வடிவமைப்பவர்களில் பலர் வைத்தியர்கள் அல்ல. கொரோனாத் தடுப்பூசிக்கு அடிப்படையான ஆய்வுக்காக 2023இல் நோபல் பரிசு பெற்ற கத்தலின் கரிக்கோ, ஹங்கேரியில் ஓர் இறைச்சிக்கடைக்காரரின் மகள். குழாய்த்தண்ணீரும் குளிர்சாதனப்பெட்டியும் இல்லாத வீட்டில் வளர்ந்தவர். உயிரியல் படித்துக் கலாநிதிப் பட்டம் எடுத்தவர், டொக்டர் அல்ல. ஒக்ஸ்போர்ட் கொரோனாத் தடுப்பூசிக்குத் தலைமை வகித்த சாரா கில்பேர்ட் படித்ததும் உயிரியல்தான். நாற்பதுக்கு மேற்பட்ட தடுப்பூசிகளை உருவாக்கியவர் என்று சொல்லப்படும் மொரிஸ் ஹில்மன், அமெரிக்காவின் மொன்டானாவில் ஒரு பண்ணையில் கோழி வளர்த்துப் பழகியவர். கூகைக்கட்டுத் தடுப்பூசிக்கு அவர் எடுத்த வைரஸ், வருத்தமாய்ப் படுத்திருந்த சொந்த மகளின் தொண்டையிலிருந்து எடுத்தது. தடுப்பூசி வைரஸ்களைக் கோழி முட்டையில் வளர்ப்பது வழக்கம் என்பதால், கோழியோடு வளர்ந்ததுதான் தனக்குக் கைகொடுத்தது என்று சொல்வாராம்.

ஆகவே கையில் வந்திருக்கும் விஞ்ஞானப் பட்டம் வீண் இடம் இல்லை. ஆனால் அதை எடுக்கிற விதம் முக்கியம். மூன்று வருடத்தில் பொதுப்பட்டம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் ஆராய்ச்சிக் கதவு பாதிதான் திறக்கும். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் வேண்டும், அதில் ஆய்வு வேலை வேண்டும், நல்ல வகுப்புச் சித்தி வேண்டும். சிறப்புப் பட்டத்துக்கு ஆட்களை எடுப்பது ஆரம்ப வருடப் புள்ளிகளைப் பார்த்து. முதல் வருடம் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டுத் திகைத்து நின்றே கழித்துவிடும் எங்கள் பிள்ளைகள் அநேகம். திறமை இல்லாமல் இல்லை, மொழி தடுக்கிறது. பட்டம் தொடங்க இன்னும் மாதங்கள் இருந்தால் அவள் படிக்கவேண்டியது ஆங்கிலம். உயிரியல் பாடம் பிறகு வரும்.

அடுத்தது ஒருவரும் உங்களுக்குச் சொல்லாத வழி: கால்நடை மருத்துவம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் இருக்கிறது, வெட்டுப்புள்ளி பொதுவாக மனித மருத்துவத்தைவிடக் குறைவு. மனிதருக்கான தடுப்பூசிகளை இலங்கை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. மாடு, கோழிகளுக்கான சிலவற்றை மட்டும் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் செய்கிறது. ஈபோலா, நிப்பா, சார்ஸ் எல்லாம் மிருகங்களிலிருந்து மனிதருக்குத் தாவியவை. பெரியம்மைக்குப் பிறகு உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்ட இரண்டாவது வைரஸ் நோய் ஒரு மாட்டு நோய். 2011இல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். சில வருடங்களுக்கு முன் வன்னியில் மாடுகளுக்குத் தோலில் கட்டிகட்டியாக வந்ததே, அதுவும் வைரஸ்தான். நான்கு மாட்டோடு வளர்ந்த பிள்ளைக்கு இந்த வழி ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவத்துக்குக் கீழே எல்லாம் தோல்வி என்று நினைக்கிற எங்கள் பழக்கம்தான் காரணமாக இருக்கும்.

மூன்றாம் தடவை எழுதலாமா?

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கு. முல்லைத்தீவு மாவட்டப் பிள்ளைக்கு மாவட்ட ஒதுக்கீடும், அதோடு பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத ஒதுக்கீடும் இருக்கிறது. சென்ற தடவை மருத்துவத்துக்கு மயிரிழையில் தவறியிருந்தால், மூன்றாம் தடவை யோசிக்கலாம். வெட்டுப்புள்ளிக்குத் தூரம் அதிகம் என்றால் இன்னொரு வருடத்தை எரிக்கவேண்டாம். மாஸ்டருக்கு அவள் நல்ல மாணவி, அவர் விடமாட்டார். புள்ளிகளை நீங்களும் மகளும் தாளில் எழுதிப் பாருங்கள்: அவளுடைய புள்ளி, உங்கள் மாவட்டத்தின் மருத்துவ வெட்டுப்புள்ளி, கால்நடை மருத்துவ வெட்டுப்புள்ளி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில்.

ஒரு எச்சரிக்கை. “இப்போது பதிந்து வைப்போம், பிறகு நல்ல புள்ளி வந்தால் மாறுவோம்” என்று ஊரில் சொல்வார்கள். ஒரு கற்கைநெறிக்குப் பதிந்துவிட்டால், அடுத்த பெறுபேற்றை வைத்து இன்னொன்றுக்குத் தெரிவாவதற்குத் தடை உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் அந்தப் பகுதியைச் சொல்லுக்குச் சொல் வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போடவேண்டும். யார் சொன்னதையும், நான் சொன்னதையும்கூட, நம்பிப் போடவேண்டாம்.

சித்தப்பாவின் காசு

வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் இப்போது கிளிநொச்சி, வவுனியா வரை வந்துவிட்டார்கள். அந்தக் கல்லூரியை இலங்கை மருத்துவப் பேரவை ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்பதை முகவரிடம் கேட்காதீர்கள், பேரவையிடம் கேளுங்கள். ஏற்றுக்கொண்ட இடமென்றாலும், படித்து வந்த பிறகு இங்கே ஒரு தகுதிப் பரீட்சை எழுதித் தேறவேண்டும். அதில் தேறாமல் வருடக்கணக்காக நிற்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக் கடனும் தெரியும்.

இதில் இன்னொரு தவறான எண்ணம் இருக்கிறது. ஆராய்ச்சிப் படிப்புக்கும் இப்படிக் கோடிக்கணக்கில் கட்டவேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அமெரிக்காவில் உயிரியல் துறைகளில் கலாநிதிப் பட்டம் படிக்கத் தெரிவானால், பெரும்பாலும் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்று மாதப்படியும் தரும். ஜேர்மனியிலும் நெதர்லாந்திலும் அது ஒரு சம்பள வேலை மாதிரி. அதற்கு வேண்டியது நல்ல பெறுபேறு, ஆங்கிலப் பரீட்சை, ஆய்வு செய்த அனுபவம், ஒரு பேராசிரியரின் நம்பிக்கைக் கடிதம். சித்தப்பாவிடம் நன்றி சொல்லி, ஒரு மடிகணினியும் ஆங்கில வகுப்புக் கட்டணமும் கேளுங்கள். அதுவே பெரிய உதவி.

மகளுக்கும் ஒரு வார்த்தை

இந்தப் பகுதியை அவளிடம் வாசிக்கக் கொடுங்கள்.

பிள்ளை, சுவரில் இருக்கிற படம் நல்ல படம். ஆனால் அந்த உடுப்புக்குள் இருப்பவர் அன்று காலை முழுவதும் படிவம் நிரப்பியிருப்பார். இந்தத் துறையில் நாட்கள் பெரும்பாலும் சின்னக் குழாயால் துளித்துளியாய் விடுவதிலும், வேலை செய்யாத பரிசோதனை ஏன் வேலை செய்யவில்லை என்று யோசிப்பதிலும் போகும். ஈபோலாத் தடுப்பூசி குரங்குகளைக் காப்பாற்றியது என்று 2005இல் எழுதிவிட்டார்கள். அதன் பிறகு அது கிடந்தது, ஏனென்றால் ஏழை நாடுகளின் நோய்க்கு மருந்து செய்து இலாபம் பார்க்க முடியாது. 2014இல் மேற்கு ஆபிரிக்காவில் பரவி 11,000க்கு மேற்பட்டோர் இறந்த பிறகுதான் அவசரம் வந்தது. அனுமதி கிடைத்தது 2019இல். கரிக்கோவை 1995இல் அவருடைய பல்கலைக்கழகம் பதவி இறக்கியது. பட்டம், கலாநிதிப் பட்டம், அதன் பிறகு இரண்டு வருடம் மூன்று வருடம் என்று ஒப்பந்த வேலைகள். முப்பத்தைந்து வயது வரை நிரந்தர வேலை இல்லாமல் இருக்கலாம். அம்மாவுக்குக் காசு அனுப்பவேண்டிய பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. உனக்கு வரக்கூடிய ஆபத்து வைரஸைவிட இதில்தான் அதிகம். அம்மாவும் நீயும் இதைப் பற்றித்தான் இருந்து கதைக்கவேண்டும்.

கொடிய வைரஸ் என்றவுடன் ஆபிரிக்காவைப் பார்க்கவும் வேண்டாம். விசர்நாய்க்கடி நோயின் குறிகள் தொடங்கிவிட்டால் தப்புவது அநேகமாக இல்லை. ஈபோலாவில்கூடப் பலர் தப்புகிறார்கள். விசர்நாய்க்கடிக்குத் தடுப்பூசி 1885இலேயே வந்துவிட்டது. இருந்தும் இலங்கையில் இன்றும் ஆட்கள் சாகிறார்கள். மருந்து இருந்தும், கடித்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகாததால். அந்த இடைவெளியை நிரப்புவதும் இந்தத் துறையின் வேலைதான். பேராதனையில் மருத்துவம் படித்த மலிக் பீரிஸ் 1980களில் இங்கே பக்கத்தில் அநுராதபுரத்தில் வயல் நுளம்பையும் பன்றியையும் பிடித்து யப்பானிய மூளைக்காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தவர். 2003இல் ஹொங்கொங்கில் சார்ஸ் வைரஸை முதலில் பிரித்தெடுத்தது அவருடைய குழு. இரண்டும் ஒரே மாதிரி வேலைதான்.

பட்டப்படிப்பு தொடங்கும் வரை ஆய்வுகூட உதவியாளர் வேலை ஏதும் கிடைத்தால் சேர். கிடைக்காவிட்டால், உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு நாள் போய்த் தடுப்பூசிக் குளிர்சாதனப்பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேள். 2 தொடக்கம் 8 பாகை. மின்சாரம் போனால் என்ன செய்கிறார்கள் என்று கேள். போர்க் காலத்தில், 1990களில், போலியோச் சொட்டு மருந்து கொடுப்பதற்காக இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்திய நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் யாராவது இன்னும் அங்கே ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடும். அவர்களிடம் கதை கேள்.

அம்மா, உங்கள் கேள்வி “தடுக்கிறதா, விடுறதா”. தடுக்கவேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் “விடுறது” என்றால் ஒன்றும் கேட்காமல் இருப்பது இல்லை. ஒவ்வொரு வருடமும் புள்ளி என்ன, அடுத்த படி என்ன, காசு எங்கிருந்து என்று கேளுங்கள். ஆறு பக்கத்தில் இவ்வளவு தெளிவாக எழுதுகிற உங்களுக்கு அது கஷ்டமில்லை.

இனி கோழி. கழுத்தை முறுக்கி, பச்சையாய்க் கழிந்து, ஒன்றன்பின் ஒன்றாய்ச் சாகிறது என்றால் ராணிக்கேட் நோயாக இருக்கலாம். அதுவும் வைரஸ்தான். மனிதருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, கண் சிவந்து சில நாள் உறுத்தலாம். ஆனாலும் கூட்டமாகக் கோழி செத்தால் கால்நடை வைத்தியர் பார்த்து உறுதிப்படுத்தவேண்டும், ஏனென்றால் பறவைக் காய்ச்சலும் ஆரம்பத்தில் இப்படித்தான் தெரியும். செத்ததைக் கையால் தூக்காமல், ஒரு பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுத்து ஆழமாய்ப் புதையுங்கள். கிணற்றடியிலிருந்து தள்ளி. மிஞ்சிய கோழிகளுக்குத் தடுப்பு மருந்து கால்நடை வைத்தியர் பணிமனையில் கேட்டால் கிடைக்கும். கண்ணில் சொட்டாக விடுகிறதா, குடிக்கும் தண்ணீரில் கலக்கிறதா என்று அவர்கள் சொல்வார்கள். ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுவந்து, விடிகாலையில் கோழிகள் இறங்க முன்னர் கொடுக்கவேண்டும். மகளையே கொடுக்கச் சொல்லுங்கள்.